சரியாச்சா என்று கேட்பதை நான் நிறுத்த மாட்டேன்

ஜோயல்,

ஞாயிற்றுக்கிழமை பாகாயத்தில் கல்யாண மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். தையல் மெஷின் பழுது பார்ப்பவர்களுக்கான அந்த இணையக் குழுவிலிருந்து நான் வெளியே வந்துவிட வேண்டும். என் தப்பை ஒப்புக்கொண்டு நான் என் பெயரும் படமுமாக அதில் எழுதியிருப்பதை அழித்துவிட வேண்டும். "ரெண்டே மாசம்தான்மா. கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் நீ இன்னா வேணா பண்ணிக்கோ" என்றாய். நான் "பாக்கலாம்" என்றேன். முன்சீட்டில் உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிகொண்டா தாண்டியதும் நீ பாட்டுப் போட்டுவிட்டாய். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. நான் ஒத்துக்கொண்டதாக நீ நினைத்திருப்பாய்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நேரில் சொன்னால் உனக்குக் கோபம் வரும், எனக்குக் குரல் உயரும், இடையில் உன் அப்பா சாப்பாட்டைப் பற்றிப் பேசுவார். அதனால் எழுதுகிறேன். உனக்கு எழுதும் இதையே அந்தக் குழுவிலும் போடப்போகிறேன். உன்னிடம் ஒன்றும் ஊரிடம் வேறொன்றும் சொல்ல எனக்கு வராது.

அங்கே படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வயதில் தையல் லைனில் உட்கார்ந்தவள் நான். மெஷின் நின்றுவிட்டால் மெக்கானிக் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும், சூப்பர்வைசர் பேச்சையும் கேட்க வேண்டும். இரண்டும் பிடிக்காமல்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். பிறகு கம்பெனியே என்னை மெக்கானிக் ஆக்கியது. கடைசிப் பதினோரு வருடம் அந்தப் பகுதியில் மெக்கானிக்கின் நீலக் கோட்டு போட்ட ஒரே பெண் நான்தான். முட்டி வலி ஜாஸ்தியாகி வேலையை விட்ட பிறகு, வீட்டில் வைத்துத் தைப்பவர்களின் மெஷின்களைப் போய்ச் சரிசெய்து கொடுக்கிறேன். "பொழுது போகும்மா, உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்று என் போனில் அந்தக் குழுவைச் சேர்த்துவிட்டவன் நீ.

அந்தக் குழுவின் வழக்கம் எளிமையானது. ஒருவர் தன் மெஷினின் கோளாறை எழுதுவார். தெரிந்தவர்கள் பதில் சொல்வார்கள். பதில் பலித்தால், கேட்டவர் அதன் பக்கத்தில் ஒரு பச்சை டிக் போட வேண்டும். அவரைத் தவிர வேறு யாரும் போட முடியாது. பின்னால் அதே கோளாறோடு தேடி வருபவர்கள் அந்த டிக்கைப் பார்த்துத்தான் எதை நம்புவது என்று முடிவு செய்வார்கள். ஆனால் பாதிக்கு மேற்பட்ட கேள்விகளில் டிக்கும் இருக்காது, ஒரு சொல்லும் இருக்காது. கேட்பார்கள், பதிலைப் படிப்பார்கள், போய்விடுவார்கள். மெஷின் ஓடியதா, பழைய இரும்புக்குப் போனதா, யாருக்கும் தெரியாது.

முதலில் என் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் நான் நன்றிக்காகத்தான் கேட்டேன். கம்பெனியில் இத்தனை வருடம் மெஷின் ஓடினால் யாரும் என் பக்கம் திரும்பவில்லை, நின்றால்தான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இங்கே முகம் தெரியாத ஆட்கள் "சூப்பர்க்கா" என்று எழுதியபோது எனக்குக் கிறுகிறுவென்று ஏறிவிட்டது. எழுதாதவர்கள் மீது ஆத்திரமும் வந்தது. திமிரியில் ஒரு தையல்காரர், ஜீன்ஸ் தைக்கும்போது தையல் விட்டு விட்டு விழுகிறது என்று கேட்டிருந்தார். ஊசி கீழே இறங்கி ஏறும்போது அடியில் சுற்றும் கொக்கி அதை எந்த இடத்தில் தொட வேண்டும் என்று காகிதத்தில் படம் வரைந்து, நான்கு கோணத்தில் போட்டோ எடுத்து, அரை நாள் செலவழித்துப் பதில் போட்டேன். அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. பதில் இல்லை. ஐந்தாவது நாள் எல்லோரும் படிக்கும்படி எழுதினேன்: "பதில் வாங்கற வரைக்கும் அக்கா அக்கான்னு கூப்பிடறது, வேலை முடிஞ்சதும் காணாம போயிடறது. ஒரு நன்றி சொன்னா வாய் வலிக்குமா?" எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பேர் சேர்ந்து அந்த மனிதரைப் பிடித்துக் கிழித்தார்கள். நான் அதைப் படித்து மனசுக்குள் சந்தோஷப்பட்டேன்.

இரண்டு வாரம் கழித்து அவர் எழுதினார். "மன்னிச்சிடுங்கக்கா. நீங்க பதில் போட்ட அன்னிக்குத்தான் எங்க அப்பா தவறிட்டாரு. கடையை இன்னும் தொறக்கல. தொறந்ததும் மெஷினைப் பாத்துட்டு சொல்றேன்." அவ்வளவுதான் எழுதியிருந்தார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாக இல்லை. நம்பர் வாங்கிப் போன் செய்தேன். "பரவால்லக்கா, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்றார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எல்லோரும் பார்க்கத் திட்டிய இடத்திலேயே, எல்லோரும் பார்க்க அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு உன் அப்பா, "நீ மெஷினைப் பத்தி கேட்டியா, உன்னைப் பத்தி கேட்டியா?" என்றார். அவர் அதிகம் பேசாத மனிதர், ஆனால் அந்த ஒரு கேள்வியில் என்னை உட்கார வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் கேட்கும் விதத்தையே மாற்றிக்கொண்டேன். நன்றி என்ற சொல்லை எடுத்துவிட்டேன். மூன்று நான்கு நாள் பொறுப்பேன். பிறகு கேள்வி கேட்டவருக்கு ஒரே ஒரு தடவை எழுதுவேன்: "மெஷின் சரியாச்சா? ஆனாலும் ஆகலன்னாலும் ஒரு வார்த்தை போடுங்க. அடுத்து வர்றவங்களுக்குத் தெரியணும்." அதற்கும் பதில் வராவிட்டால் விட்டுவிடுவேன். அவர் வீட்டில் என்ன நடக்கிறதோ நமக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு தடவை கேட்காமல் விடமாட்டேன். பலர் சொன்னார்கள். ஆகவில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள், அவர்களோடு சேர்ந்து மறுபடி யோசித்து இரண்டாவது வழி சொன்னேன். கேட்கத் தெரிந்துகொண்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த ஸ்டிக்கர் வந்தது. யாரோ ஒரு ஆள், குழுவில் என் பெயருக்குப் பக்கத்தில் இருந்த, நான் நீலக் கோட்டு போட்டு நிற்கும் படத்தை வெட்டி எடுத்து, அதன் கீழே பெரிய எழுத்தில் "சரியாச்சா?" என்று போட்டுச் சுற்றுக்கு விட்டான். குழுவுக்குள் சிரித்தார்கள். நானும் முதலில் சிரித்தேன், என் கண்ணாடி மூக்கில் சரிந்திருந்தது பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. அது குழுவை விட்டு வெளியே போய், எங்கெங்கோ சுற்றி, சென்னையில் உன் ஆபீசுக்கே வந்துவிட்டது. ஏதாவது கோளாறைத் தீர்த்தார்களா என்று கேட்க உன் ஆட்கள் என் முகத்தை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்துத் தட்டை எடுக்காமலே உட்கார்ந்திருந்தாய். பிறகு சொன்னாய்: "எல்லாரும் சிரிச்சாங்கமா. நானும் சிரிச்சேன். அது எங்க அம்மான்னு சொல்லல."

நீ அதை என்னிடம் மறைத்திருக்கலாம். மறைக்காமல் சொன்னாய். அதற்காக உன்னை அன்றைக்கே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அதற்கு அடுத்து நீ சொன்னதுதான் என் காதில் நின்றது. "பதில் சொல்லுமா, வேணாங்கல. ஆனா பின்னாடியே போய் சொல்லுங்க சொல்லுங்கன்னு கேக்காத. பிச்சை கேக்கற மாதிரி இருக்கு." எனக்கு உன் கல்லூரிக் கடைசி வருடம் ஞாபகம் வந்தது. உன் ப்ராஜெக்ட் ஓடாமல், தின்னாமல் கொள்ளாமல் நீ கிடந்தபோது, எந்த நாட்டிலோ இருந்த ஒருவர் உன் கேள்விக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். அது ஓடியதும் நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். "அவர்கிட்ட சொன்னியாடா?" என்றேன். "அங்கெல்லாம் யாரும் எதிர்பாக்க மாட்டாங்கமா" என்றாய். சரி, படித்தவன் சொல்கிறான், அந்த உலகத்து மரியாதை அப்படிப்போல என்று விட்டுவிட்டேன். அன்றைக்கே "உக்காருடா, எழுது" என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். சொல்லவில்லை. அதனால் நீ சொன்ன பிச்சை என்ற வார்த்தையை நானும் நம்பிவிட்டேன்.

நிறுத்திவிட்டேன். நான்கு மாதம், பதில் மட்டும் சொன்னேன். யாரையும் சரியாச்சா என்று கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை.

அந்த நான்கு மாதத்தில்தான் ராணிப்பேட்டையிலிருந்து முருகேசன் என்பவர் ஒரு கேள்வி போட்டார். பெடலை மிதிக்காமலே மெஷின் தானாக ஓட ஆரம்பிக்கிறது, என்ன செய்வது என்று. நான் பார்த்த மெஷின்களில் இது பெரும்பாலும் பெடலையும் மோட்டாரையும் இணைக்கும் கம்பி இறுகிப்போவதால் வரும். அதைத் தளர்த்தி, கொஞ்சம் ஆட்டம் கொடுங்கள் என்று எழுதினேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்விட்சை அணையுங்கள், நூல் கோர்க்கும்போதும் அணைத்தே வைத்திருங்கள் என்று எழுதவில்லை. மெக்கானிக்குகள் படிக்கிற இடம், இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அது என் முதல் தப்பு. முருகேசன் படித்தார். பதில் சொல்லவில்லை. நான்கு நாள், ஐந்து நாள், பத்து நாள் போயிற்று. எனக்குக் கை அரித்தது. கேட்கவில்லை. அது என் இரண்டாவது தப்பு. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு மாதம் கழித்து ஷபானா என்ற பெயரில் எனக்கு ஒரு செய்தி வந்தது. பேரணாம்பட்டு. வீட்டிலேயே ஒரு பழைய மெஷினை வைத்துக்கொண்டு, கம்பெனிக்காக ஷூவின் மேல்பாகத் தோலைத் தைத்துக் கொடுப்பவள். கட்டுப் போட்ட ஒரு விரலின் படத்தை அனுப்பி, கீழே எழுதியிருந்தாள்: "அக்கா, குழுவுல நீங்க சொன்ன மாதிரிதான் கம்பியை லூஸ் பண்ணேன். ஒரு நாள் நல்லா இருந்துச்சு. மறுநாள் நூல் கோக்கும்போது மெஷின் ஓடிடுச்சு."

நீ அன்றைக்கு எனக்குப் போன் செய்தாய், நான் எடுக்கவில்லை. டூல் பையை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் வயது இருபத்தாறோ இருபத்தேழோ. வாசலில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்கள் வழி காட்டினார்கள். ஜன்னலோரம் மெஷின் மீது ஒரு பழைய துப்பட்டாவைப் போட்டு மூடி வைத்திருந்தாள். ஊசி நகத்துக்குள் இறங்கி உள்ளேயே முறிந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். காயம் ஆறிக்கொண்டிருந்தது. ஆனால் ஆள்காட்டி விரல் சரியாக மடங்கவில்லை, நுனியில் உணர்ச்சியும் இல்லை. தோலைப் பிடித்துத் திருப்புகிற விரல் அதுதான். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றாள். அடிப்பாள் என்றே நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"உக்காருங்கக்கா. சாய் போடட்டா?" என்றாள்.

"உன் விரலுக்கு நான்தான்மா காரணம்" என்றேன்.

"ரெண்டு பேர் வேற வேற மாதிரி சொல்லியிருந்தாங்கக்கா. உங்களது ஒண்ணுதான் ஈஸியா இருந்துச்சு. கீழ பாத்தேன். தப்புன்னு யாரும் போடல. அதான் சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

தப்புன்னு யாரும் போடல. ஜோயல், அந்த வார்த்தையை நீ ஒரு தடவை சத்தம் போட்டுப் படி. ஒரு பதிலுக்குக் கீழே யாரும் எதுவும் சொல்லாமல் போனால், பின்னால் வருபவர்களுக்கு அது சம்மதம் மாதிரி தெரிகிறது. காலியாக இருக்கும் இடத்தை அவர்கள் நம்பிக்கையால் நிரப்பிக்கொள்கிறார்கள்.

அவள் வீட்டிலிருந்தபடியே முருகேசனுக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர்தான். உடனே எடுத்தார், யாரென்று தெரிந்ததும் மரியாதையாகப் பேசினார். "ஆமாங்கக்கா, நீங்க சொன்னதைப் பண்ணேன், ஒரு நாள்தான் தாங்குச்சு. அப்புறம் ஒரு மெக்கானிக் வந்து மோட்டார் பாக்ஸைத் தொறந்து பாத்தாரு. உள்ள, பெடலை மிதிக்கறதை மோட்டாருக்குச் சொல்ற சென்சார் போயிருந்துச்சு. மாத்தினதும் ஓகே ஆயிடுச்சு" என்றார்.

"அதை ஏங்க குழுவுல போடல?"

"தோணலக்கா. நீங்க எல்லாரையும் கேப்பீங்களே, என்னை மட்டும் கேக்கலியே. நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார்.

நான் போனை வைத்தேன். ஷபானா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே போய்ச் சாய் கொண்டுவந்து வைத்தாள். இடது கையால்.

மெஷின் பாக்ஸைத் திறந்தேன். அதே சென்சார்தான். மறுநாள் வாணியம்பாடி போய்ப் புதிது வாங்கிவந்து மாற்றினேன். மெஷின் ஒழுங்காக ஓடியது. ஆனால் அவள் பக்கத்தில் வரவில்லை, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் ஸ்விட்சை அணைத்தேன், அவள் பார்க்க நூல் கோர்த்தேன், ஸ்விட்சைப் போட்டேன், ஒரு துண்டுத் தோலைத் தைத்தேன். மறுபடி அணைத்தேன், கோர்த்தேன், தைத்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கடைசியில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு அங்குலம் தைத்துவிட்டு அழுதாள்.

கிளம்பும்போது, "அந்தப் பதிலை இன்னிக்கே அழிச்சிடறேன்மா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "அழிக்காதீங்கக்கா. அதைப் படம் புடிச்சு எத்தனை பேரு எங்கெங்க அனுப்பியிருக்காங்களோ. அழிச்சா உங்ககிட்ட மட்டும்தான் இருக்காது. இது தப்புன்னு அதுக்கு மேலயே எழுதுங்க. என் விரலையும் போடுங்க. பேரு வேணாம்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாரு, ஆனா நான் சொல்றேன், போடுங்க."

போட்டேன். நீ அழிக்கச் சொல்வது அதைத்தான். இது என் பதில், இது தப்பு, இதைச் செய்த ஷபானாவின் விரல் இப்படி ஆயிற்று, சரியான வழி இது, எதைத் தொடுவதாக இருந்தாலும் முதலில் ஸ்விட்சை அணையுங்கள் என்று எழுதி, என் பெயரையும் முகத்தையும் போட்டேன். முருகேசனும் வந்து தன் பங்கை எழுதினார். அன்றிலிருந்து மறுபடி எல்லோரையும் கேட்க ஆரம்பித்தேன், சரியாச்சா, சரியாச்சா என்று. திட்டினார்கள். உயிரோடு விளையாடுகிற கிழவி என்றான் ஒருவன். குழுவை நடத்துபவர் தனியாகக் கூப்பிட்டு, "பேஜாரா இருக்குக்கா, கொஞ்ச நாள் அடக்கி வாசிங்க" என்றார். ஆனால் பழைய கேள்விகளுக்கு ஆட்கள் திரும்பி வந்தார்கள். நான் இது செய்தேன் பலித்தது, நான் இது செய்தேன் பலிக்கவில்லை என்று எழுதினார்கள். என் பதில்களிலேயே இன்னும் இரண்டு தப்பு என்று தெரிந்தது. அவற்றுக்கு மேலும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் முகம் சுட்டது. சுடட்டும். ஷபானாவுக்குப் பட்டதைவிட இது கம்மிதான்.

இப்போது உன் கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். நீ கட்டிக்கொள்ளப்போகும் நிவேதாவின் வீட்டுச் சொந்தத்தில் யாரோ நான் குழுவில் எழுதியதைப் படித்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மா ஒரு பெண்ணின் விரலைப் போக்கிவிட்டாளாமே என்று கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் நீ ஞாயிற்றுக்கிழமை அப்படிப் பேசினாய் என்று எனக்குப் புரிகிறது. நீ உன் மாமனாருக்கும் எனக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டாம் என்று, செவ்வாய்க்கிழமை காலையில் நானே பஸ் ஏறிப் பாகாயம் போனேன். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பாய்.

நிவேதாவின் அப்பா மரியாதையாக உட்கார வைத்தார். நடந்ததை ஒன்று விடாமல் நானே சொன்னேன். கேட்டு முடித்ததும், "தப்பா எடுத்துக்காதீங்க சம்மந்திம்மா. நாளைக்கே யாராவது கேஸ் அது இதுன்னு வந்தா இன்னா பண்ணுவீங்க? நாலு பேர் பாக்கற இடத்துல இதையெல்லாம் எழுதணுமா? அழிச்சிட்டா முடிஞ்சிது" என்றார்.

"அழிச்சா எனக்கு முடிஞ்சிடும் சம்மந்தி. அதே கோளாறோட மெஷின் வெச்சிருக்கறவங்களுக்கு முடியாது."

"சரி, கல்யாணம் வரைக்குமாவது. எங்களுக்காக."

"இந்த ரெண்டு மாசத்துல யாரும் நூல் கோக்க மாட்டாங்களா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன்போல. நிவேதாவின் அம்மா காபி டம்ளரை என் பக்கமாக நகர்த்தி வைத்தார். நிவேதாவின் அப்பா முகம் இறுகிவிட்டது. இந்தச் சம்பந்தம் இங்கேயே நின்றுபோகுமோ என்று எனக்கும் பயம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனாலும் வாய் திறந்து சரி என்று சொல்ல எனக்கு வரவில்லை.

அப்போதுதான் நிவேதா அறைக்குள்ளிருந்து வந்தாள். ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிய உடுப்போடு இருந்தாள். "அத்தை, அந்த அக்காவுக்கு இப்ப விரல் மடங்குதா?" என்று கேட்டாள். இத்தனை பேர் இத்தனை நாள் இதைப் பற்றிப் பேசினோம். உறவுக்காரர்கள் பேசினார்கள், நீ பேசினாய், குழுவில் ஊரே பேசியது. அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கவில்லை ஜோயல், நீ உட்பட. பாதிதான் மடங்குகிறது என்றேன். "வியாழக்கிழமை எங்க டிபார்ட்மென்ட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. கைக்குப் பயிற்சி குடுக்கறதுதான் என் வேலையே. பாத்துட்டு சொல்றேன்" என்றாள். அவள் அப்பா அவளைப் பார்த்தார். அவள் எனக்கு ஆட்டோ பிடித்துக் கொடுக்க என்னோடு வெளியே வந்துவிட்டாள்.

நேற்று வியாழக்கிழமை. ஷபானாவும் நானும் போய்வந்தோம். நிவேதா அவள் விரலை ஒவ்வொரு கணுவாகப் பிடித்துப் பார்த்தாள். மூன்று மாதம் விடாமல் செய்தால் மடங்கும் என்றாள். நுனியில் உணர்ச்சி திரும்புமா என்பதற்கு மட்டும் உறுதி சொல்ல முடியாது என்றாள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பெண் உனக்கு வாய்த்திருக்கிறாள். எனக்கு அது போதும்.

அவள் அப்பா இன்னும் சமாதானமாகவில்லை. இந்த வாரம் உனக்குப் போன் செய்வார். என்ன சொல்வாய் என்பது உன் விருப்பம், நான் உனக்கு எழுதிக் கொடுக்க மாட்டேன். ஆனால் அம்மா அழித்துவிடுவார்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதே. நான் அழிக்க மாட்டேன். குழுவை விட்டு வெளியே வரமாட்டேன். கேட்பதையும் நிறுத்த மாட்டேன், உன் கல்யாணத்துக்கு முந்தின நாளும் சரி, மறுநாளும் சரி. ஒரு தடவை நிறுத்திப் பார்த்தேன். அதன் விலையை வேறொருத்தி கொடுத்தாள். இது பிச்சையில்லை. பிச்சையென்றே ஊர் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வழியில் ஷபானாவுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் உன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்துவிட்டேன். நம் வீட்டு ஆட்களோடு முன்வரிசையில்தான் உட்காருவாள். இவர்கள் யார் என்று அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் கேட்பார்கள். மாப்பிள்ளை நீ, உன்னிடம்தான் முதலில் கேட்பார்கள். உண்மையைச் சொல். உனக்கு நாக்கு எழவில்லையென்றால் தள்ளி நில், நான் சொல்கிறேன். மைக் வேண்டாம். முப்பது மெஷின் ஓடும் சத்தத்தில் கடைசி டேபிள் வரைக்கும் கேட்ட குரல் இது.

அம்மா